மீன் வறுவல் மசாலா பொடி: மிளகாய் காய வைக்கிறதுல இருந்து கல்லுல போடுற வரைக்கும்

மீன் வறுக்கன்னு தனியா ஒரு பொடி எதுக்கு, அதான் டப்பா நெறைய குழம்பு மிளகாத்தூள் இருக்கேன்னு நானும் ரொம்ப வருஷம் அப்படியே தான் ஓட்டிட்டு இருந்தேன். அதுல ரெண்டு ஸ்பூன் அள்ளி உப்பு மஞ்சள் போட்டு பெசஞ்சு கல்லுல போடுவேன், மேல கருகிப் போயிரும், வாயில வச்சா மல்லி பச்சையா நறநறன்னு இருக்கும், மீன் நல்ல மீனா இருந்தும் சாப்பிடுறவங்க பேசாம எந்திரிச்சுப் போவாங்க. அப்புறம் ஒரு நாள் எங்க ஆச்சி கிட்ட கேட்டப்போ தான் வெளங்குச்சு, குழம்புப் பொடி புளித்தண்ணியில இருபது நிமிஷம் கொதிக்கப் போற பொடி, பச்சை வாடை எல்லாம் அங்க போயிரும், ஆனா வறுவல்ல ஒரு பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம் தான், அதுக்குள்ள மசாலா வேகவும் வேணும் கருகவும் கூடாது. அதனால வறுவல் பொடியில பாதி சமையல பாட்டில்ல போடுறதுக்கு முன்னாடியே முடிச்சு வச்சிரணும்.

இன்னொண்ணு அளவு. குழம்புப் பொடியில பெரும்பாலும் மிளகாய் ஒரு பங்குன்னா மல்லி ஒன்றரை, ரெண்டு பங்கு இருக்கும், சில வீட்ல பருப்பும் சேர்த்து அரைப்பாங்க, குழம்பு கெட்டியாகணும்ல. வறுவல்ல அது தலைகீழ். மிளகாய் தான் கூட, மல்லி அதுல பாதிக்கு கொஞ்சம் மேல இருந்தா போதும், பருப்பு கிருப்பு எதுவும் கிடையாது.

எப்ப செய்யலாம்னு கேட்டா நான் மே மாசம்னு சொல்லுவேன். கெழக்குக் கடல்ல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள், விசைப்படகு போகாது, நல்ல மீன் வெல ஏறிக் கெடக்கும், வாங்க மனசு வராது. அதே நேரத்துல தான் ராமநாதபுரம் பக்கம் புது மிளகாய் கடைக்கு வந்திருக்கும், வெயிலும் மண்டையப் பொளக்கும். மீன் இல்லாத மாசத்துல பொடிய அரைச்சு வச்சுட்டா படகு கடலுக்குப் போன அன்னைக்கே நாம ரெடி. மழைக்காலத்துல இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க, மிளகாய் காயாது, பொடி கட்டி தட்டும். அவசரம்னா கடாய்ல லேசா சூடு காட்டி ஒப்பேத்தலாம், அத கீழ சொல்றேன்.

தேவையானது

இந்த அளவுக்கு காம்பு, கழிவு எல்லாம் போக கிட்டத்தட்ட 220 கிராம் பொடி வரும். அரை கிலோ மீனுக்கு 20 கிராம் கணக்குல பார்த்தா அஞ்சு கிலோ மீனுக்கு தாராளமா வரும். வாரத்துக்கு ஒரு தடவ மீன் வாங்குற வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு மேல ஓடும்.

நீட்டு மிளகாய் (சம்பா) – 60 கிராம்
காஷ்மீரி மிளகாய் – 40 கிராம்
மல்லி – 60 கிராம்
மிளகு – 15 கிராம்
சீரகம் – 15 கிராம்
சோம்பு – 10 கிராம்
வெந்தயம் – முக்கால் டீஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம்
பச்சரிசி – 20 கிராம்
மஞ்சள் தூள் – ஒரு டேபிள்ஸ்பூன்
கறிவேப்பிலை – ரெண்டு கைப்பிடி, காஞ்சது

உப்பு எங்கன்னு கேப்பீங்க. பொடியில உப்பு போடாதீங்க. போட்டு வைக்கிறவங்க இருக்காங்க, வேலை ஈஸின்னு, ஆனா உப்பு காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், கடற்கரை ஊர்ல இருக்கவங்களுக்கு இது இன்னும் மோசம், ஒரே மாசத்துல பொடி பாட்டிலோட ஓரத்துல ஒட்டிக்கும். அதுவும் போக ஐஸ்ல கெடந்த மீனுக்கும் அப்ப வந்த மீனுக்கும் உப்பு ஒரே அளவு பிடிக்காது, அத அன்னன்னைக்கு கைல போடுறது தான் சரி. பூண்டு இஞ்சியும் பொடியில கிடையாது, வறுக்கிற அன்னைக்கு தட்டிப் போடுறது.

சோம்பு வேணுமா வேணாமாங்கிறது எங்க வீட்லயே தீராத சண்டை. அம்மாவுக்கு சோம்பு இல்லன்னா வறுவலே இல்ல, ஆச்சிக்கு சோம்பு போட்டா "கறி வாடை அடிக்கி". நான் நடுவுல 10 கிராம்ல நிக்கிறேன். உங்களுக்குப் பிடிக்கலன்னா எடுத்துட்டு அந்த 10 கிராமுக்கு பாதி சீரகம் பாதி மிளகு போட்டுக்கோங்க.

மிளகாய் பார்த்து வாங்குறது

ரெண்டு மிளகாய் எதுக்குன்னா, நீட்டு மிளகாய் காரத்துக்கு, காஷ்மீரி கலருக்கு. முழுக்க நீட்டு மிளகாயே போட்டா கலர் வரணும்னு பொடிய அள்ளிப் போடுவீங்க, காரம் தாங்காது. காஷ்மீரி கெடைக்கலன்னா பியாதகி மிளகாய் வாங்கலாம், சுருக்கு சுருக்கா நீளமா இருக்கும், அதுவும் நல்ல சிவப்பு, காரம் கம்மி. ராமநாதபுரம் குண்டு மிளகாய் இருக்கே, 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே அதே தான், அது வாசனையில ராஜா, ஆனா தோல் தடிமன், உள்ள ஈரம் தங்கும், சரியா காயலன்னா அரைபடாது. அதுல ஒரு 15, 20 கிராம நீட்டு மிளகாய்ல கழிச்சுட்டு சேர்க்கலாம், முழுசா அதுவே வேண்டாம்.

வாங்கும் போது பளபளன்னு இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. ஒண்ணு ரெண்ட ஒடிச்சுப் பாருங்க, உள்ள சாம்பல் கலர்லயோ கருப்பாவோ பூசணம் இருந்தா அந்த மூட்டையே வேண்டாம். ஈரத்தோட கட்டி வச்ச மிளகாய்ல அந்தப் பூசணம் பிடிக்கும், அதுல அஃப்ளடாக்ஸின்னு ஒரு நஞ்சு உண்டாகலாம், ஈரலுக்கு ஆகாது, வறுத்தாலும் அரைச்சாலும் முழுசா போகாது. வீட்ல காம்பு கிள்ளும் போதும் இதே கண்ணோட பாருங்க, வெளுத்துப் போன சொத்த மிளகாய், விதையெல்லாம் கருத்துப் போனது எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க, பத்து ரூபாய் மிளகாய்க்குப் பார்த்து பொடியே வீணாக வேண்டாம்.

காம்பு கிள்ளுறப்ப கைல கவர் மாட்டிக்கோங்க, இல்லன்னா முன்னாடியே தேங்காய் எண்ணெய் தடவிக்கோங்க. மிளகாய் காரம் தண்ணில கரையாது, எண்ணெயில தான் கரையும், அதனால கை எரியுதுன்னு தண்ணிக் கொழாய்ல எவ்வளவு நேரம் காட்டினாலும் எரியும், எண்ணெய் தேச்சு அப்புறம் சோப்பு போட்டா தான் அடங்கும். அந்தக் கையோட கண்ணக் கசக்கினவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

காய வைக்கிறது

மிளகாய், மல்லி ரெண்டையும் தனித்தனியா வெள்ளத் துணியில பரப்பி ரெண்டு நாள் நல்ல வெயில். மிளகாய எடுத்து குலுக்கினா விதை கலகலன்னு சத்தம் வரணும், ஒடிச்சா படக்குன்னு ஒடியணும், வளைஞ்சா இன்னும் ஒரு நாள். சாயங்காலம் வெயில் தாழ்றதுக்கு முன்னாடி உள்ள எடுத்துருங்க, பனியில விட்டா ஒரு நாள் வெயில் வீண். மல்லிய காயப் போடும் முன்ன ஒரு தடவ புடைச்சு கல்லு குச்சி பார்த்துக்கோங்க. கறிவேப்பிலைய மட்டும் கழுவி நிழல்ல காய வைங்க, வெயில்ல போட்டா பச்சை போய் வைக்கோல் மாதிரி ஆயிரும்.

வறுக்குறது, இங்க தான் எல்லாம் இருக்கு

எல்லாத்தையும் ஒண்ணா கடாய்ல கொட்டி வறுக்குறது தான் எல்லாரும் பண்ற தப்பு, நானும் பண்ணேன். மல்லிக்கு அஞ்சு நிமிஷம் வேணும், சீரகத்துக்கு ஒரு நிமிஷம், மிளகாய்க்கு அதுவும் வேண்டாம், எல்லாம் ஒண்ணா போட்டா மல்லி பச்சையா இருக்கும் போதே சீரகம் கருகிரும். அடி கனமான இரும்புக் கடாய், எண்ணெய் இல்லாம, அடுப்பு சிம்முல. ஒண்ணொண்ணா வறுத்து ஒரே தாம்பாளத்துல கொட்டிட்டே வாங்க.

முதல்ல அரிசி. கடாய் சூடானதும் போட்டு கிண்டிட்டே இருந்தா கண்ணாடி மாதிரி இருக்குற அரிசி வெள்ளையாகி அங்கங்க பொரிய ஆரம்பிக்கும், அப்ப எடுத்துருங்க. இது எதுக்குன்னா மசாலா மீன்ல ஒட்டி நிக்கவும், மேல லேசா மொறுமொறுப்பு வரவும். கடையில அரிசி மாவு, சோள மாவுன்னு பாக்கெட் வாங்கி மேல தூவுறது இதே வேலைக்குத் தான், ஆனா மாவு பச்சையா போடுறதுக்கும் வறுத்த அரிசிய அரைச்சு போடுறதுக்கும் ருசியில நல்ல வித்தியாசம் தெரியும்.

அடுத்து மல்லி, நாலஞ்சு நிமிஷம். கலர் பார்க்காதீங்க, மூக்கால பாருங்க. ஆரம்பத்துல புல்லு மாதிரி ஒரு வாசம் வரும், அது போய் எலுமிச்சம்பழத் தோல் மாதிரி ஒரு வாசனை ஏறும், அந்த நிமிஷம் எடுக்கணும். இன்னும் விட்டீங்கன்னா சாம்பார் பொடி வாசனைக்குப் போயிரும், சாம்பாருக்கு நல்லது, மீனுக்கு கனம். ஏன்னா இந்த மல்லி திரும்ப ஒரு தடவ கல்லுல எண்ணெயில வறுபடப் போகுது, அதுக்கு கொஞ்சம் இடம் விட்டு வைக்கணும்.

அப்புறம் மிளகு, ஒண்ணு ரெண்டு படபடன்னு வெடிக்கும் போது எடுக்கலாம். சீரகமும் சோம்பும் சேர்த்தே போடலாம், ஒரு நிமிஷம், கை வச்சா சூடு தெரியிற அளவு, சிவக்கவே கூடாது. வெந்தயம் தனியா, லேசா சிவந்ததும் எடுங்க, கொஞ்சம் கூட கருகுனா மொத்தப் பொடியும் கசக்கும், முக்கால் டீஸ்பூன் தானேன்னு நெனைக்காதீங்க, அந்த முக்கால் டீஸ்பூன் போதும் காலி பண்ண. கறிவேப்பிலை காஞ்சிருந்தாலும் ஒரு நிமிஷம் சூடு காட்டி நொறுங்குற பதத்துல எடுங்க.

கடைசியா மிளகாய். அடுப்ப அணைச்சுருங்க. ஆமா, அணைச்சுட்டு, அந்த கடாய் சூட்டுலயே மிளகாயப் போட்டு ரெண்டு மூணு நிமிஷம் புரட்டினா போதும், வெயில்ல காஞ்சது தானே, மொறுமொறுன்னு ஆயிரும். கலர் கொஞ்சமும் மாறக் கூடாது. மழை நாள்ல அவசரத்துக்கு அரைக்கிறவங்க மட்டும் அடுப்பு எரியும் போதே, ரொம்ப சிம்முல, அஞ்சாறு நிமிஷம் புரட்டி ஈரத்த எடுத்துக்கோங்க. நான் முதல் தடவ அரைச்சப்போ மிளகாயும் நல்லா வறுபடட்டும்னு தீய கூட்டி வச்சுட்டு போன்ல பேசிட்டு இருந்தேன், வீடே புகை, பக்கத்து வீட்ல இருமல், ஆச்சி முந்தானைய மூக்குல வச்சுட்டு "ஏட்டி, மீனுக்கு பொடி அரைக்கியா, தெருவுல கொசு வெரட்டுதியா"ன்னு கேட்டுச்சு. அந்தப் பொடி கருஞ்செவப்பா இருந்துச்சு, கல்லுல போட்டதும் கருப்பாச்சு, கசப்பு. மிளகாய் ஒரு தடவ கருகிட்டா அதுக்கு மருந்து கிடையாது, கொட்டிட்டு புதுசா தான் ஆரம்பிக்கணும்.

அரைக்கிறது

எல்லாம் நல்லா ஆறணும், அரை மணி நேரமாவது. சூட்டோட மிக்ஸில போட்டா ஆவி மூடியில தண்ணியா நிக்கும், பொடி அப்பவே ஈரமாயிரும். இந்த 220 கிராம் அளவுக்கு மில்லுக்குப் போக வேண்டாம், மிக்ஸி போதும். மிளகாய முதல்ல தனியா ரெண்டு மூணு சுத்து விட்டு எடுத்துட்டு, மத்தத அரைச்சு, அப்புறம் ரெண்டையும் சேர்த்து மஞ்சள் தூளோட ஒரு சுத்து. ஒரேயடியா ஓட விடாம விட்டு விட்டு ஓட்டுங்க, ஜார் சூடேறினா வாசனை எண்ணெய் எல்லாம் அங்கயே பறந்துரும். விரளி மஞ்சள் போட ஆசைன்னா உரல்ல இடிச்சு துண்டு துண்டாக்கி தான் மிக்ஸில போடணும், முழுசா போட்டு பிளேட ஒடைச்சுக்காதீங்க.

ரொம்ப நைசா வேண்டாம். சலிக்கவும் வேண்டாம். விரல்ல தேச்சா லேசா ரவை மாதிரி தட்டுப்படணும், அந்தக் கொரகொரப்பு தான் வறுத்த பிறகு மேல மொறுமொறுன்னு நிக்கும், மாவா அரைச்சா பூச்சு மாதிரி ஆகி எண்ணெய குடிக்கும்.

ஒரு கிலோவுக்கு மேல செய்றவங்க மில்லுக்குப் போகலாம், ஆனா உங்களுக்கு முன்னாடி மெஷின்ல என்ன ஓடுச்சுன்னு கேட்டுக்கோங்க. ஒரு தடவ எனக்கு முன்னாடி யாரோ கோதுமையோ கம்போ அரைச்சிருக்காங்க, என் பொடியில ஒரு கைப்பிடி மாவு சேர்ந்து கலரே வெளுத்துப் போச்சு. மிளகாய் ஓடின பிறகு நம்மது போட்டா பிரச்சனை இல்ல. வீட்டுக்கு வந்ததும் தாம்பாளத்துல பரப்பி ஆற விடுங்க, மில்லுல இருந்து வர்ற பொடி கை சுடும்.

கண்ணாடி பாட்டில், ஈரமில்லாத ஸ்பூன், வெளிச்சம் படாத எடம். வெளிய ரெண்டு மூணு மாசம், ஃப்ரிட்ஜ்ல ஆறு மாசம் வாசனை நிக்கும். அரைச்ச அன்னைக்கே மீன் வறுக்காதீங்க, ரெண்டு நாள் மூடி வச்சுட்டு தொறந்தீங்கன்னா எல்லா வாசனையும் ஒண்ணா சேர்ந்திருக்கும்.

மீன்ல பூசுறது

முதல்ல ஒரு விஷயம், மசாலா மீன் நாத்தத்த மறைக்கிற சாமான் கிடையாது. செவுள் சிவப்பா, கண்ணு தெளிவா, அமுக்கினா குழி விழாம இருந்தா தான் வாங்கணும். அயிலை, சூரை மாதிரி மீன் ஐஸ் இல்லாம வெயில்ல கெடந்தா அதுல ஹிஸ்டமின்னு ஒண்ணு சேர்ந்துரும், அது எவ்வளவு வறுத்தாலும் போகாது, சாப்பிட்டதும் மூஞ்சி சிவந்து தடிப்பு தடிப்பா வரும். நல்ல கடல் மீன்லயும் லேசா ஒரு வாடை இருக்கும்ல, அது ட்ரைமெத்திலமைன்ங்கிற சமாச்சாரம், புளிப்பு பட்டா அது ஆவியாகி மூக்குக்கு வர முடியாம அடங்கிரும், எலுமிச்சம்பழமும் புளியும் மீனோடயே ஒட்டி வர்றது இதனால தான். குளத்து மீன், ஆத்து மீன்ல வர்ற மண் வாடைக்கும் புளிப்பு தான் மருந்து, கழுவும் போதே புளித்தண்ணியிலயோ மோர்லயோ ஒரு அலசு அலசிருங்க.

அரை கிலோ மீனுக்கு: பொடி குவிச்சு ரெண்டு டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், பூண்டு ஆறு பல்லும் சுண்டு விரல் அளவு இஞ்சியும் தட்டினது, அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு, எண்ணெய் ஒரு ஸ்பூன். எண்ணெய விட்டுராதீங்க, மிளகாய் கலரும் எண்ணெயில தான் இறங்கும், தண்ணி ஊத்தி குழைச்சா மங்கலா தான் இருக்கும். தண்ணி தேவைப்பட்டா ஒரு ஸ்பூன் தெளிங்க, தோசை மாவு பதத்துக்குப் போயிராதீங்க, துவையல் பதம். மீன்ல பூசும் முன்ன அந்தக் குழைச்ச மசாலாவ நாக்குல வச்சுப் பாருங்க, உப்பும் புளிப்பும் ஒரு பொட்டு தூக்கலா தெரியணும், மீன்ல போனா சரியாயிரும்.

மீன துணியாலயோ டிஷ்யூவாலயோ ஒத்தி ஈரம் எடுத்துட்டு பூசுங்க. எலுமிச்சம்பழம் போட்டா அரை மணி நேரத்துக்கு மேல ஊற விடாதீங்க, புளிப்புல சதை வெளுத்து வெந்த மாதிரி ஆகி கல்லுல உதிரும். ரொம்ப நேரம் ஊறணும்னா எலுமிச்சைய விட்டுட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, வறுக்கும் முன்ன பிழிஞ்சுக்கலாம்.

மீனுக்கு மீன் மாத்தணும். சீலா, அதான் சென்னையில வஞ்சரம், அதுக்கு மேல சொன்ன அளவே சரி, துண்டு அரை இஞ்சுக்கு மேல தடியா இருந்தா உள்ள காரம் ஏறாது. சங்கராவ முழுசா போடுறதுன்னா ரெண்டு பக்கமும் மூணு கீறல் போட்டு கீறலுக்குள்ள மசாலாவ அழுத்துங்க. வவ்வால் சதை மெத்துனு இருக்கும், சொந்த ருசி உண்டு, பொடிய பாதியா குறைங்க. சாளை, அயிலை ரெண்டும் எண்ணெய் மீன், எலுமிச்சைக்குப் பதிலா நெல்லிக்காய் அளவு புளிய கெட்டியா கரைச்சு, மிளகு தட்டினது ஒரு ஸ்பூன் கூட போட்டுப் பாருங்க, மீன் மேல இருக்குற அந்த எண்ணெய் வாடை எங்க போச்சுன்னு தெரியாது. நெத்திலிக்கு தலைய கிள்ளிட்டு, ரெண்டு ஸ்பூன் அரிசி மாவு கூடுதலா போட்டு, பத்து நிமிஷத்துலயே எண்ணெயில போட்டுரணும், ஊற விட்டா உப்புல தண்ணி விட்டு கூழாயிரும். தடைக்காலத்துல வர்ற ஐஸ் மீனுக்கு முதல்ல உப்பு மட்டும் தடவி பத்து நிமிஷம் வச்சா தண்ணி விடும், அத கொட்டி ஒத்தி எடுத்துட்டு மசாலா பூசுங்க, உப்ப மசாலாவுல கொறைச்சுக்கோங்க.

கல்லுல போடுறது

இரும்பு தோசைக்கல் தான், கடலெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ மூணு ஸ்பூன். எண்ணெய் நல்லா காஞ்சதும் ஒரு கொத்து கறிவேப்பிலைய பரப்பி அது மேல மீன வைங்க, அப்புறம் தீய மிதமா ஆக்கிருங்க. வச்ச மீன நோண்டாதீங்க, மூணு நாலு நிமிஷத்துல அடிப்பக்கம் மொறுகி அதுவா கல்ல விட்டு நகரும், ஒட்டிட்டு வரமாட்டேங்குதுன்னா இன்னும் ஆகலன்னு அர்த்தம். எண்ணெய்ல சடசடன்னு வர்ற சத்தம் கொறையறப்ப தான் ஈரம் போயிருக்கும், அப்ப திருப்புங்க, ஒரு தடவ தான்.

மசாலா உதிருதுன்னா மீன்ல ஈரம், இல்லன்னா சீக்கிரம் திருப்பிருப்பீங்க. கசந்தா மிளகாயோ வெந்தயமோ கருகிருக்கும், மஞ்சள் கூடினாலும் கசக்கும். பச்சை வாடை அடிச்சா மல்லி வறுபடல, அந்தப் பொடிய தூக்கிப் போட வேண்டாம், குழம்புக்கு ஆகும். காரம் கூடிருச்சுன்னா அதே பொடியில இன்னும் கொஞ்சம் அரிசியும் சீரகமும் வறுத்து அரைச்சுக் கலந்துரலாம்.

மீன எல்லாம் எடுத்த பிறகு கல்ல கழுவப் போட்டுராதீங்க. அதுல ஒட்டிருக்குற மசாலா, மொறுகின கறிவேப்பிலை, மிச்ச எண்ணெய், அதுலயே ஒரு கரண்டி சுடு சோத்தப் போட்டு பெரட்டுங்க. எங்க வீட்ல மீன் துண்டுக்கு சண்டை வந்ததே இல்ல, அந்த ஒரு கரண்டி சோறு யாருக்குன்னு தான் சண்டை.